முற்றுரிமையை எதிர்த்த வழக்கறிஞர்

நுழையும்முன்

கப்பலோட்டிய தமிழன் என்றும் செக்கிழுத்த செம்மல் என்றும் வ.உ.சிதம்பரனாரை நாடு அறியும். அவர் தொழிலால் ஒரு வழக்கறிஞர் என்பது பலருக்கும் நினைவில் நிற்பதில்லை. ஒரு பெரிய நிறுவனம் சந்தை முழுவதையும் தன் கைக்குள் வைத்துக்கொண்டு, புதிதாக வருவோரை விலைக்குறைப்பால் நசுக்குவதைத் தடுக்க இன்று சட்டங்கள் உள்ளன. அத்தகைய சட்டம் எதுவும் இந்தியாவில் இல்லாத காலத்தில், அரசின் ஆதரவு பெற்ற ஒரு கப்பல் நிறுவனத்தை எதிர்த்து நின்ற வழக்கறிஞரின் வாழ்க்கை இப்பாடத்தில் விரிகிறது.

ஒட்டப்பிடாரத்து வழக்குமன்றம்

1872ஆம் ஆண்டு செப்டம்பர் 5ஆம் நாள் ஒட்டப்பிடாரத்தில் உலகநாதர், பரமாயி இணையருக்குச் சிதம்பரனார் பிறந்தார். தந்தை அவ்வூரில் பெயர்பெற்ற வழக்கறிஞர். வீட்டுத் திண்ணையில் நாள்தோறும் கட்சிக்காரர்கள் காத்திருந்தனர். வரப்புத் தகராறு, கடன் பத்திரம், பாகப்பிரிவினை எனச் சட்டத்தின் சொற்கள் அவர் காதில் இளமையிலேயே விழுந்தன. எனினும் அவர் நேராக வழக்குமன்றம் புகவில்லை. ஒட்டப்பிடாரம் தாலுகா அலுவலகத்தில் சிறிது காலம் எழுத்தராகப் பணியாற்றினார். மனுக்கள் எவ்வாறு எழுதப்படுகின்றன, எந்த மேசையில் அவை தேங்குகின்றன, சிற்றதிகாரிகளின் கை எங்கெல்லாம் நீள்கிறது என்பவற்றை உள்ளிருந்தே காணும் வாய்ப்பை அப்பணி அவருக்குத் தந்தது. அரசின் சம்பளத்தில் அவர் வாழ்ந்தது அக்குறுகிய காலம் மட்டுமே.

பின்னர்த் திருச்சிராப்பள்ளி சென்று சட்டம் பயின்றார். 1894இல் பிளீடர் தேர்வில் தேறி, மறு ஆண்டு ஒட்டப்பிடாரத்திலேயே தொழிலைத் தொடங்கினார். குற்றவியல் வழக்குகளில் அவருக்குத் தனித்திறன் இருந்தது. காவலர்கள் புனைந்த வழக்குகளைக் குறுக்கு விசாரணையில் சிதறடித்தார். ஏழைகளுக்குப் பெரும்பாலும் கட்டணமின்றியே வாதாடினார். ஒட்டப்பிடாரத்துத் துணை நீதிபதிகள் மூவர்மீது கையூட்டுக் குற்றச்சாட்டை எழுப்பி அதனை மெய்ப்பிக்கவும் செய்தார். தாம் நாள்தோறும் வாதாட வேண்டிய மன்றத்தின் நீதிபதிகளையே எதிர்ப்பது எந்த வழக்கறிஞரும் எளிதில் துணியாத செயல். ஊரில் பகை பெருகுவதைக் கண்ட தந்தையார், மகனைத் தூத்துக்குடிக்குப் பெயரச் செய்தார். 1900இல் சிதம்பரனார் தூத்துக்குடியில் தொழிலைத் தொடர்ந்தார். மகனைப் பகையிலிருந்து காக்க எண்ணிய தந்தை, அவனை அதனினும் பெரிய பகையின் வாயிலுக்கே அனுப்பிவைத்தார் எனலாம்.

ஒரு கடல்வழி, ஒரே நிறுவனம்

தூத்துக்குடி அந்நாளில் தென்னாட்டின் வாயில்களுள் ஒன்று. 1914இல் பாம்பன் பாலம் திறக்கப்படும் வரை, சென்னையிலிருந்து இலங்கை செல்வோர் தொடர்வண்டியில் தூத்துக்குடி வந்து, அங்கிருந்து நீராவிக் கப்பலில் கொழும்பு சென்றனர். தோட்டங்களுக்குச் செல்லும் தொழிலாளர்கள், கொழும்பில் கடை வைத்திருந்த வணிகர்கள், அவர்களுடைய குடும்பத்தினர் என மக்கள் போக்குவரவு மிகுந்திருந்தது. அரிசி, மிளகாய், வெங்காயம், துணி முதலியன மூட்டை மூட்டையாகச் சென்றன. கரையோரம் ஆழம் குறைவாதலால் பெரிய கப்பல்கள் சில மைல் தொலைவில் நங்கூரமிட்டு நிற்கும். ஆட்களையும் சரக்கையும் படகுகளே கொண்டுசேர்க்கும்.

இக்கடல்வழி முழுவதும் பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் நிறுவனத்தின் பிடியில் இருந்தது. வில்லியம் மெக்கின்னன் என்னும் ஸ்காட்லாந்து வணிகர் 1856இல் கொல்கத்தாவிலிருந்து தொடங்கிய சிறு முயற்சி, அரசின் அஞ்சல் ஒப்பந்தங்களால் வளர்ந்து, இந்தியப் பெருங்கடலின் பெருநிறுவனங்களுள் ஒன்றாகியிருந்தது. நூற்றை ஒட்டிய எண்ணிக்கையில் கப்பல்கள் அதற்கு இருந்தன. தூத்துக்குடியில் அதன் முகவர்களாக விளங்கியவர்கள் ஏ அண்டு எப் ஹார்வி நிறுவனத்தார். அவர்களே அந்நகரின் கோரல் பஞ்சாலையையும் நடத்தினர். துறைமுகத்திலிருந்து புறப்படும் கப்பலும், நகரில் பலருக்கு வேலை தரும் ஆலையும் ஒரே அலுவலகத்தின் ஆணைக்கு உட்பட்டிருந்தன என்பதை நினைவிற் கொள்வது நலம். பின்னர் நடந்தவை பலவும் இதனால்தான் விளங்கும்.

சந்தையில் விற்பவர் ஒருவரே என்னும் நிலையைப் பொருளியலார் முற்றுரிமை என்பர்; ஏகபோகம் என்பது பேச்சுவழக்கு. கட்டணம் எவ்வளவு, எந்த நாளில் கப்பல் புறப்படும், யாருடைய சரக்கு முதலில் ஏறும் என்பவற்றையெல்லாம் அந்த ஒருவரே முடிவுசெய்வார். உள்ளூர் வணிகர்கள் முணுமுணுப்பதன்றி வேறொன்றும் செய்ய இயலவில்லை. வேறு கப்பல் இல்லை என்பதே அவர்களுடைய எல்லா முறையீடுகளுக்கும் விடையாக இருந்தது.

சுதேசிக் கப்பல் நிறுவனம்

1905இல் வங்கப் பிரிவினையை ஒட்டி எழுந்த சுதேசி இயக்கம் தென்னாட்டுக்கும் பரவியது. பிற ஊர்களில் அன்னியத் துணியை விலக்குவதே சுதேசியமாக இருந்தது. சிதம்பரனார் ஒரு படி மேலே சென்றார். துணியை விலக்கினாலும் அதை ஏற்றிவரும் கப்பலுக்குக் கூலி கொடுத்துக்கொண்டிருந்தால் பயன் என்ன என்பது அவருடைய கேள்வி. தூத்துக்குடி வணிகர்கள் அவரிடம் கொண்டுவந்த குறைகளும் அவருடைய நாட்டுப்பற்றும் ஒரே புள்ளியில் சந்தித்தன.

தொடக்கத்தில் பம்பாயின் ஷா லைன் நிறுவனத்திடமிருந்து கப்பல்கள் வாடகைக்குப் பெறப்பட்டன. பிரிட்டிஷ் நிறுவனம் நேரே சிதம்பரனாரிடம் வரவில்லை. கப்பலின் சொந்தக்காரரை அணுகி நெருக்கடி தந்தது. வாடகைக் கப்பல் திரும்பப் பெறப்பட்டது. போட்டியாளரை வெல்லுவதற்கு அவருக்குப் பொருள் தருவோரை மடக்கினால் போதும் என்பது முற்றுரிமை நிறுவனங்களின் பழைய வழி. இலங்கையிலிருந்து வேறொரு கப்பலை வாடகைக்கு அமர்த்திச் சிதம்பரனார் நிலைமையைச் சமாளித்தார். ஆயினும் வாடகைக் கப்பலை நம்பியிருக்கும் வரை மூச்சுக்குழல் பிறர் கையில் இருக்கும் என்பதை அவர் அறிந்துகொண்டார்.

1906ஆம் ஆண்டு அக்டோபர் 16ஆம் நாள், இந்தியக் கம்பெனிகள் சட்டத்தின்கீழ்ச் சுதேசி நீராவிக் கப்பல் நிறுவனம் பதிவுபெற்றது. மூலதனம் 10 இலட்சம் ரூபாய். அது 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகளாகப் பிரிக்கப்பட்டது. பெருஞ்செல்வர் சிலரிடம் பெருந்தொகை பெறுவதைவிட, நடுத்தர நிலையினர் பலரும் உரிமையாளராவது நன்று என்பது இவ்வமைப்பிலேயே தெரிகிறது. இந்தியர், இலங்கையர் உள்ளிட்ட ஆசிய மக்களுக்கே பங்குகள் உரியன என்றும் விதிக்கப்பட்டது. பாலவநத்தம் குறுநில மன்னரும் மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவியவருமான பாண்டித்துரையார் தலைவரானார். செயலர் ஹாஜி முகமது பக்கீர் சேட்டு 2 இலட்சம் ரூபாய்க்கு 8,000 பங்குகளை வாங்கினார். துணைச் செயலர் பொறுப்பை ஏற்ற சிதம்பரனாரே நிறுவனத்தின் உயிராக இருந்தார்.

சட்ட ஆலோசகர்களாக நால்வர் அமர்த்தப்பட்டனர். அவர்களுள் ஒருவர் சேலத்தின் சி.விஜயராகவாச்சாரியார். 1882ஆம் ஆண்டுச் சேலம் கலவர வழக்கில் தண்டிக்கப்பட்டு, உயர்நீதிமன்றத்தில் விடுதலை பெற்றவர். அத்துடன் அமையாது, நகராட்சியிலிருந்து தம்மை நீக்கியதற்காக அரசின்மீதே வழக்குத் தொடுத்து வென்றவர். பிற்காலத்தில், 1920இல், நாகபுரி காங்கிரசுக்குத் தலைமை தாங்கினார். ஆட்சியை நீதிமன்றத்தில் நிறுத்திப் பழகிய ஒருவரைத் தூத்துக்குடி நிறுவனம் தேடிச் சேர்த்துக்கொண்டதில், எதிர்வரும் போராட்டத்தின் தன்மையைச் சிதம்பரனார் கணித்திருந்தமை புலனாகிறது.

ஊர் ஊராகச் சென்று பங்கு விற்ற அவர், கப்பல் வாங்குவதற்காகப் பம்பாய் புறப்பட்டார். அப்போது மூத்த மகன் நோயுற்றிருந்தான். மனைவி மீனாட்சி அம்மையார் கருவுற்றிருந்தார். கப்பலோடு திரும்புவேன், இன்றேல் கடலிலேயே உயிர் விடுவேன் என்று சொல்லிச் சென்றதாகத் தூத்துக்குடியில் பேசப்பட்டது. 1907இல் எஸ்.எஸ்.காலியோ தூத்துக்குடி வந்தது. பிரான்சு நாட்டிலிருந்து எஸ்.எஸ்.லாவோவும் வந்துசேர்ந்தது. ஒவ்வொன்றும் முதல் வகுப்பில் 42 பேரையும், இரண்டாம் வகுப்பில் 24 பேரையும், சாதாரண வகுப்பில் 1,300 பேரையும், 4,000 மூட்டைச் சரக்கையும் ஏற்றவல்லது. பாரதியார் தம் இந்தியா இதழில் இந்நிகழ்வைக் கொண்டாடி எழுதினார்.

கட்டணப் போர்

மக்களும் வணிகர்களும் சுதேசிக் கப்பலை நாடத் தொடங்கியதும் பிரிட்டிஷ் நிறுவனம் கட்டணத்தைக் குறைத்தது. கொழும்புக்கு ஒருவருக்கு ஒரு ரூபாய் என்றது. சுதேசி நிறுவனம் எட்டணா என்றது. உடனே எதிர்த்தரப்பு, கட்டணமே வேண்டாம், இலவசமாகவே வரலாம் என்று அறிவித்தது. வருவோர்க்குக் குடை ஒன்றும் பரிசாகத் தருவதாகக் கூறியது. சிதம்பரனாருக்குப் பெருந்தொகை தந்து அவரை விலகச் செய்யும் முயற்சியும் நடந்தது. அவர் மறுத்துவிட்டார்.

பயணிக்கு இதில் என்ன தீங்கு என்று கேட்கத் தோன்றும். ஒரு ரூபாய் கொடுத்தவன் சும்மா போகிறான்; கையில் குடையும் கிடைக்கிறது. இவ்விடத்தில்தான் முற்றுரிமையின் நுட்பம் ஒளிந்திருக்கிறது. கப்பலில் ஆயிரம் பேர் ஏறினாலும் பத்துப் பேர் ஏறினாலும் கொதிகலனுக்கு வேண்டிய நிலக்கரி ஏறத்தாழ ஒன்றே. மாலுமிகளின் சம்பளமும் ஒன்றே. துறைமுகக் கட்டணமும் ஒன்றே. கட்டணமின்றி ஓட்டும் ஒவ்வொரு பயணமும் முழு இழப்பு. நூறு கப்பல் உடையவர் தூத்துக்குடி வழியில் ஏற்படும் இழப்பை இரங்கூன் வழியிலும் பாரசீக வளைகுடா வழியிலும் வரும் ஆதாயத்தால் நிரப்பிக்கொள்வார். இரண்டே கப்பல் உடையவருக்கு நிரப்ப வேறு கடல் இல்லை. அவர் வீழ்ந்தபின் கட்டணம் மீண்டும் ஏறும். குடை பெற்றவன் அதன் விலையை அடுத்த பயணங்களில் பலமடங்காகத் தருவான்.

இது தூத்துக்குடியில் மட்டும் நிகழ்ந்ததன்று. 1890களில் ஜாம்ஷெட்ஜி டாடா பம்பாயிலிருந்து சப்பானுக்குத் தொடங்கிய கப்பல்வழியை, பி அண்டு ஓ என்னும் மற்றொரு பிரிட்டிஷ் நிறுவனம் இதே முறையில் கட்டணத்தை வீழ்த்தி மூடச்செய்தது. டாடாவிடம் பெருஞ்செல்வம் இருந்தும் தாக்குப்பிடிக்க இயலவில்லை. சிதம்பரனாரிடம் இருந்ததோ 25 ரூபாய்ப் பங்குகாரர்களின் நம்பிக்கை. அந்நம்பிக்கை சிறிது காலம் வியப்பூட்டும் வலிமையுடன் விளங்கியது. இலவசப் பயணத்தை மறுத்து, காசு கொடுத்துச் சுதேசிக் கப்பலில் ஏறியோர் பலர். அவர்களை அங்கே கொண்டுவந்தது விலைக் கணக்கன்று. சிதம்பரனாரின் மேடைப் பேச்சுகளே அவர்களைக் கொண்டுவந்தன. ஆகவே கப்பல் ஓட வேண்டுமாயின் மேடையும் ஓயாது முழங்க வேண்டியிருந்தது. வணிகம் வேறு, அரசியல் வேறு என்று கருதிய இயக்குநர்களும் பங்குதாரர்களும் இதனைக் கண்டு அஞ்சினர். அவர் பேச்சைக் குறைத்துக்கொண்டால் நிறுவனம் பிழைக்கும் என அவர்கள் எண்ணினர். அவர்கள் அச்சத்தில் நியாயம் இருந்தது. எனினும், பேச்சு நின்றிருந்தால் இலவசக் கப்பலை விடுத்து எட்டணாக் கப்பலில் ஏற யார் வந்திருப்பர் என்னும் கேள்விக்கு அவர்களிடம் விடையில்லை.

> தெரிந்து தெளிவோம்
>
> வணிக முற்றுரிமையைக் குற்றமாக்கும் ஷெர்மன் சட்டம் அமெரிக்காவில் 1890இல் இயற்றப்பட்டது. அச்சட்டத்தின்கீழ், ஸ்டாண்டர்டு எண்ணெய் நிறுவனத்தின்மீது அமெரிக்க அரசே 1906 நவம்பரில் வழக்குத் தொடுத்தது. 1911இல் அந்நாட்டு உச்சநீதிமன்றம் அந்நிறுவனத்தைப் பல கூறுகளாகப் பிரிக்க ஆணையிட்டது. 1906இலேயே பிரிட்டனில், கப்பல் நிறுவனங்கள் கூட்டுச் சேர்ந்து கட்டணத்தை ஆள்வது குறித்து ஆராய அரச ஆணையம் ஒன்று அமைக்கப்பட்டது. இந்தியாவில் முற்றுரிமை மற்றும் தடைசெய்யும் வணிக நடவடிக்கைகள் சட்டம் 1969இல்தான் வந்தது. போட்டியாளரை ஒழிக்கும் நோக்கில் அடக்கவிலைக்கும் கீழே விற்பதைத் தடுக்கும் விதி, 2002ஆம் ஆண்டுப் போட்டிச் சட்டத்தில் இடம்பெற்றுள்ளது.

அரசு யார் பக்கம்?

சுதேசி நிறுவனம் பதிவுபெற்றதற்கு அடுத்த மாதம், அமெரிக்க அரசின் வழக்கறிஞர்கள் அந்நாட்டின் மிகப் பெரிய எண்ணெய் நிறுவனத்தை நீதிமன்றத்துக்கு இழுத்தனர். அங்கே முற்றுரிமையை எதிர்ப்பது அரசின் கடமை. தூத்துக்குடியிலோ முற்றுரிமையை எதிர்த்த வழக்கறிஞரே அரசின் பகைவரானார். மாவட்ட ஆட்சியர் விஞ்சும் துணை ஆட்சியர் ஆஷும் பிரிட்டிஷ் நிறுவனத்தின் நலனைத் தம் ஆட்சியின் நலனாகவே கருதினர். கடலில் நடந்த போட்டி, கரையில் அதிகாரிகளின் கோப்புகளில் அரசியல் குற்றமாக உருமாறிக்கொண்டிருந்தது.

இந்நிலையில் 1908 பிப்ரவரி 27ஆம் நாள் கோரல் ஆலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினர். விடியும் முன்பே ஆலைக்குள் சென்று இருட்டியபின் வெளிவரும் நீண்ட வேலைநாள், குறைந்த கூலி, விடுமுறையின்மை ஆகியன அவர்களை வாட்டின. சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் அவர்களுக்குத் துணைநின்றனர். வழக்கறிஞர்களும் வணிகர்களும் வேலைநிறுத்தக்காரர்களின் உணவுக்குப் பொருளுதவி செய்தனர். மார்ச் முதல் வாரத்தில் ஆலை நிருவாகம் இறங்கிவந்து, கூலி உயர்வையும் வேலைநேரக் குறைப்பையும் ஞாயிறு விடுமுறையையும் ஏற்றது. இந்தியத் தொழிலாளர் வரலாற்றின் தொடக்ககால வெற்றிகளுள் இது ஒன்று. ஹார்வி அலுவலகத்துக்கு இஃது இரண்டாவது அடி: முன்னர்க் கடலில், இப்போது ஆலையில், இரண்டு அடியும் விழுந்தது ஒரே கையிலிருந்து.

மார்ச் 9ஆம் நாள், விபின் சந்திரபாலர் விடுதலையைக் கொண்டாடத் தடையை மீறித் திருநெல்வேலியில் ஊர்வலமும் கூட்டமும் நடந்தன. 12ஆம் நாள் சிதம்பரனார், சிவா, பத்மநாப ஐயங்கார் ஆகியோர் கைதாயினர். மறுநாள் திருநெல்வேலி கொந்தளித்தது. துப்பாக்கிச் சூட்டில் நால்வர் மாண்டனர்.

தீர்ப்பும் அதன் விலையும்

வழக்கு நீதிபதி பின்கே முன்னிலையில் நடந்தது. 1908 சூலை 7ஆம் நாள் தீர்ப்பு வந்தது. அரசுக்கு எதிராகப் பேசியதற்கு 20 ஆண்டும், சிவாவுக்கு உடந்தையாக இருந்ததற்கு 20 ஆண்டுமாக, ஒன்றன்பின் ஒன்றாக 40 ஆண்டு நாடுகடத்தல் தண்டனை விதிக்கப்பட்டது. சொற்பொழிவுக்கு இத்தனை கடுந்தண்டனையா என நாடு திகைத்தது. குற்றப்பத்திரிகையில் இருந்தவை பேச்சுகள். எனினும் அப்பேச்சுகள் யாருடைய பயணச்சீட்டு விற்பனையைக் குறைத்தன என்பதை நெல்லைச் சீமையில் அறியாதவர் இலர். மேல்முறையீடுகளில் தண்டனை குறைந்தது.

கோவைச் சிறையில் அவர் மாட்டுக்குப் பதிலாகச் செக்கில் பூட்டப்பட்டார். கோடை வெயிலில் எண்ணெய்ச் செக்கைச் சுற்றிய அந்நாள்களின் கொடுமையைத் தம் தன்வரலாற்றில் அவரே பதிவுசெய்துள்ளார். அந்நூலைச் செய்யுளில் இயற்றினார் என்பது வியப்புக்குரியது. பின்னர்க் கண்ணூர்ச் சிறைக்கு மாற்றப்பட்டார். சிறையில் இருந்தபடியே சட்டநுணுக்கங்களை ஆய்ந்து மனுக்கள் வரைந்தார். உடன் இருந்த கைதிகளுக்கும் எழுதிக் கொடுத்தார். சன்னது பறிபோனபின்னும் வழக்கறிஞர் என்னும் நிலை அவரை விட்டு நீங்கவில்லை.

அவரில்லாத நிறுவனம் நீண்ட நாள் நிற்கவில்லை. பேசுவோர் இல்லை; பங்குதாரர் அஞ்சினர்; இழப்பு ஏறியது. 1911இல் நிறுவனம் கலைக்கப்பட்டது. காலியோ கப்பல் எந்த நிறுவனத்தை எதிர்த்து வாங்கப்பட்டதோ அந்நிறுவனத்துக்கே விற்கப்பட்டது. அமெரிக்க உச்சநீதிமன்றம் ஸ்டாண்டர்டு எண்ணெய் நிறுவனத்தைப் பிரிக்க ஆணையிட்டதும் அதே ஆண்டில்தான். அவ்வாண்டு சூன் 17ஆம் நாள் மணியாச்சித் தொடர்வண்டி நிலையத்தில் வாஞ்சிநாதன் ஆஷைச் சுட்டுக் கொன்று தானும் மாய்ந்தான்.

சன்னது இல்லாத ஆண்டுகள்

1912 டிசம்பரில் சிதம்பரனார் கண்ணூரிலிருந்து வெளிவந்தார். சிறைக்குச் சென்றபோது ஆயிரக்கணக்கானோர் திரண்ட இடத்தில், திரும்பியபோது வரவேற்க விரல்விட்டு எண்ணத்தக்கவர்களே வந்திருந்தனர். தண்டனை பெற்றவர் என்பதால் வழக்கறிஞர் உரிமமாகிய சன்னது பறிக்கப்பட்டிருந்தது. தூத்துக்குடியில் வசதியோடு வாழ்ந்தவர் சென்னைக்குக் குடிபெயர்ந்து, மண்ணெண்ணெய்க் கடையும் மளிகைக் கடையும் நடத்திப் பார்த்தார். வணிகம் அவருக்குக் கைகூடவில்லை. பத்து இலட்ச ரூபாய் நிறுவனத்தைத் திரட்டியவரால் ஒரு சில்லறைக் கடையைக் காப்பாற்ற இயலாமற் போனது முரணாகத் தோன்றலாம். பிறர் நம்பிக்கையைத் திரட்டுவது ஒரு திறன். கடன் கேட்டு வருவோரைத் திருப்பியனுப்புவது வேறொரு திறன். பின்னது அவரிடம் இல்லை.

தென்னாப்பிரிக்கத் தமிழர்கள் அவர் குடும்பத்துக்கெனத் திரட்டிய தொகை காந்தியடிகள் வழியாக வர வேண்டியிருந்தது. அது கைக்கு வரத் தாமதமாயிற்று. 1915, 1916ஆம் ஆண்டுகளில் அத்தொகை குறித்து இருவருக்கும் இடையே கடிதங்கள் நடந்தன. பிறரிடம் கேட்டறியாதவர் கேட்டெழுத நேர்ந்த அக்கடிதங்களில் அவருடைய வறுமையின் அளவு தெரிகிறது.

இவ்வாண்டுகள் தமிழுக்குப் பயன்பட்டன. சிறையில் தொடங்கிய திருக்குறள் பயிற்சியின் விளைவாக மெய்யறம், மெய்யறிவு ஆகிய நூல்களை வெளியிட்டார். ஜேம்ஸ் ஆலனின் நூல்களை மனம்போல வாழ்வு, அகமே புறம் என்னும் பெயர்களில் தமிழாக்கினார். தொல்காப்பியத்தின் இளம்பூரணர் உரையைப் பதிப்பித்தார். மெய்யறம் ஓர் அறநூல் எனினும், அதன் வகைப்படுத்தலில் சட்டநூல் பயின்றவரின் கை தெரியும். கடமைகள் மாணவர், இல்வாழ்வார், அரசர் என நிலைவாரியாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொன்றும் ஒற்றையடியில் சுருக்கமாக விதிக்கப்பட்டிருக்கும்.

மீண்டும் வழக்குமன்றம்

பறிபோன சன்னது பல ஆண்டுகளுக்குப் பின் திரும்பக் கிடைத்தது. அதற்குத் துணைநின்றவர் இ.எச்.வாலஸ் என்னும் ஆங்கிலேய நீதிபதி. திருநெல்வேலியில் பணியாற்றிய நாளிலேயே சிதம்பரனாரின் நேர்மையை அறிந்திருந்தவர் அவர். ஆங்கில ஆட்சியால் எல்லாம் இழந்தவர், அந்த ஆங்கிலேயர்பால் கொண்ட நன்றியால் தம் கடைசி மகனுக்கு வாலேசுவரன் எனப் பெயரிட்டார். ஒரு நிறுவனத்தையும் ஓர் ஆட்சியையும் எதிர்த்தவர், ஓர் இனத்தை வெறுக்கவில்லை என்பதற்கு இப்பெயரே சான்று.

ஒத்துழையாமை இயக்கம் வழக்கறிஞர்களை நீதிமன்றங்களைப் புறக்கணிக்க அழைத்த காலம் அது. சிதம்பரனார் அவ்வழியை ஏற்கவில்லை. 1920இல் காங்கிரசிலிருந்தும் விலகினார். நீதிமன்றம் தவறு செய்யும் என்பதை அவரினும் அறிந்தவர் யார்? ஆயினும் கோவில்பட்டியில் அலுவலகம் அமைத்து மீண்டும் வழக்காடினார். அங்கே வந்தவை பெரும்பாலும் சிற்றூர் மக்களின் சிறு வழக்குகள். முன்போலவே, கட்டணம் தர இயலாதவரை அவர் திருப்பியனுப்பவில்லை. முன்போலவே, கையில் பணம் தங்கவில்லை.

1927 நவம்பரில் சேலத்தில் கூடிய சேலம் மாவட்ட மூன்றாவது அரசியல் மாநாட்டுக்கு அவர் தலைமை தாங்கினார். தம் கப்பல் நிறுவனத்துக்கு ஒருகாலத்தில் சட்டத்துணை நல்கிய விஜயராகவாச்சாரியாரின் ஊரில், நீண்ட இடைவெளிக்குப் பின் அவர் ஏறிய பெரிய அரசியல் மேடை அது. அங்கு அவர் ஆற்றிய தலைமையுரை எனது அரசியல் பெருஞ்சொல் என்னும் தலைப்பில் நூலாக வெளிவந்தது.

கடலிலும் அவர் தொடங்கியது நின்றுவிடவில்லை. 1919 ஏப்ரல் 5ஆம் நாள் சிந்தியா நிறுவனத்தின் லாயல்டி என்னும் கப்பல் பம்பாயிலிருந்து இலண்டன் நோக்கிப் புறப்பட்டது. அந்நாளே இன்று தேசியக் கடல்சார் நாளாகக் கொண்டாடப்படுகிறது. அந்நிறுவனத்தையும் அதே பிரிட்டிஷ் கூட்டணி கட்டணக் குறைப்பால் நெருக்கியது. வால்சந்த் ஹீராசந்தும் அவருடைய கூட்டாளிகளும் பெருமூலதனத்துடன் தாக்குப்பிடித்து, 1923இல் ஓர் உடன்பாட்டை எட்டினர். 

1932இல் அவர் மீண்டும் தூத்துக்குடிக்கு வந்தார். துறைமுகத்தில் கப்பல்கள் வழக்கம்போல் தொலைவில் நங்கூரமிட்டு நின்றன. உடல் தளர்ந்தபின் 1936இல் உயில் ஒன்றை எழுதுவித்தார். வழக்கறிஞர் ஒருவரின் உயிலில் சொத்துப் பட்டியல் நீண்டிருக்கும் என எதிர்பார்ப்போம். அவ்வுயிலில் கடைகளுக்கும் நண்பர்களுக்கும் தாம் தரவேண்டிய கடன்களையும் ஒழுங்காகக் குறிப்பிட்டிருந்தார். அவ்வாண்டு நவம்பர் 18ஆம் நாள் தூத்துக்குடியில் அவர் உயிர் பிரிந்தது. அவர் விருப்பப்படி அவரைக் காங்கிரசு அலுவலகத்துக்குக் கொண்டுசென்றிருந்தனர். இறுதி மூச்சு அங்கேயே அடங்கிற்று. தூத்துக்குடித் துறைமுகம் 2011 முதல் வ.உ.சிதம்பரனார் துறைமுகம் எனப் பெயர் பெற்றுள்ளது.